சொன்னதைச் சொன்னபடி

அந்தப் பங்குக் கோயிலில் ஞாயிறுதோறும் இரண்டு பிரசங்கம் நடக்கும். ஒன்று சாமியார் வாயால் வைப்பது. மற்றது, வலப்பக்கம் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடிக்கடை அக்கா கையால் வைப்பது. இரண்டாவது பிரசங்கம் முதலாவதில் பாதிகூட இருக்காது. சாமியார் கால் மணி நேரம் மூச்சுவாங்கப் பேசியதை அக்கா நாலே சைகையில் முடித்து, கைகளை மடியில் போட்டுக்கொள்வாள். "உங்க தம்பி குடுத்துவச்சவர்" என்று பின்பெஞ்சுக்காரர்கள் சொல்வதுண்டு.

தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. வயது நாற்பத்து மூன்று. அக்கா எட்டு வயது மூத்தவள். காது கேளாதோர் பள்ளிக்கு அவன் மூன்று வருஷம்தான் போனான். அங்கே கற்ற சைகையும், வீட்டில் அவர்களாகவே உண்டாக்கிக்கொண்ட சைகையும் கலந்து ஒரு பாஷை ஆகியிருந்தது. அம்மா இருந்தவரை அது மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது. அம்மா போனபின் இரண்டே பேர்.

அப்பா விட்டுச்சென்ற கடை. முன்னறையில் மேஜை, அளவு நாடா, சுவர் கொள்ளாமல் சட்டம் போட்ட கண்ணாடிகள். அங்கே அக்கா. பின்னறையில் கம்பளி விரித்த பெரிய பலகை, சாய்த்துவைத்த கண்ணாடித் தகடுகள். அங்கே தம்பி. ஜன்னலுக்கு, படத்துக்கு, அலமாரிக் கதவுக்கு என்று வருகிறவர்கள் சொல்வதை அக்கா அவனுக்குச் சொல்வாள். அவன் சொல்வதை அவர்களுக்குச் சொல்வாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வீட்டில் ஒரே வாயை வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகள் பிழைத்தார்கள்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "எங்கே நேரம்?" என்பாள்.

பங்குக்குப் புதுச் சாமியார் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. காது மட்டும் கொஞ்சம் தாராளம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு, பசுந்தழை வளையத்தில் நான்கில் முதல் மெழுகுவர்த்தி ஏற்றிய அன்று, பூசை முடிந்ததும் ஊதாத் திருவுடையைக்கூடக் கழற்றாமல் வாசலுக்கு வந்து அக்காவை நிறுத்தினார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். தம்பி பாவசங்கீர்த்தனம் எப்படிப் பண்றார்?"

"வருவான் ஃபாதர். முட்டிபோடுவான். பழைய சாமியார் சிலுவை அடையாளம் போட்டு அனுப்பிடுவார்."

"அவர் ஒண்ணும் சொல்றதில்லையா?"

"எப்படிச் சொல்லுவான்? பேரைத் தவிர எழுத வராது. நான் பக்கத்துல நின்னு எடுத்துச் சொல்றேன்னேன். மாட்டேன்னுட்டான்."

"எப்ப?"

"கோயில்ல முதல்தடவை அப்பம் வாங்கினப்ப, புது நன்மைக்கு. பத்து வயசு."

சாமியார் தம்பியைப் பார்த்தார். தம்பி இருவருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப முப்பத்து மூணு வருஷமா இவர் மனசுல இருக்கறதை யாரும் கேட்டதே இல்லை."

"நான் கேக்கறேனே ஃபாதர்."

"நீங்க கேக்கறது வேற, அக்கா" என்றார் அவர் மெதுவாக. "எனக்கு இவர் பாஷை வேணும். கிறிஸ்துமஸுக்குள்ள கத்துக்கணும். அவரைக் கேட்டுச் சொல்லுங்க."

அக்கா தம்பி பக்கம் திரும்பி, "ஃபாதர் உன்னை விசாரிச்சார்" என்று சைகை காட்டினாள்.

அவ்வளவுதானா என்பதுபோலத் தம்பி சாமியாரைப் பார்த்தான். சாமியாரும் சும்மா இருக்கவில்லை. தன் நெஞ்சைத் தொட்டார். தம்பியின் கைகளைக் காட்டினார். தன் நெற்றியைத் தொட்டார். பச்சைக் குழந்தைக்கும் புரிந்திருக்கும். தம்பியின் புருவம் மேலே ஏறியது.

"அவர் கத்துக்கணும்னு சொல்றார். நீ ஏன் அதைச் சொல்லல?" என்று அக்காவைக் கையால் கேட்டான்.

"சொல்ல வந்தேன்" என்று அக்கா மென்று விழுங்கினாள்.

செவ்வாயும் வியாழனும் மாலையில் சாமியார் கடைக்கு வந்தார். பின்னறையில் முக்காலி போட்டு உட்காருவார். முதல் நாளே தம்பி அவருக்குப் பெயர் வைத்துவிட்டான். காது மடலைப் பிடித்து இழுத்தால் சாமியார் என்று அர்த்தம். அக்காவுக்கு அவன் சிறுவயதிலேயே வைத்த பெயர், இரண்டு விரலை உதட்டில் வைத்து எடுப்பது. வாய் என்று பொருள்.

சாமியார் கெட்டிக்கார மாணவர் இல்லை. 'கடவுள் நல்லவர்' என்று சொல்ல நினைத்துக் கையை ஒரு சாண் தள்ளிவைத்ததில் அது 'ஏணி நல்லது' என்றாகிவிட்டது. தம்பி மூலையில் சாத்தியிருந்த ஏணியைத் திரும்பிப் பார்த்து, "நல்லதுதான், அப்பா காலத்தது" என்று பதில் சொன்னான். அக்கா அதை எடுத்துச் சொன்னதும் சாமியார் முக்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தார். தம்பியும் சிரித்தான். அவன் சிரிப்புக்குச் சத்தம் உண்டு. தொண்டைக்குள் ஏதோ உருளுகிற மாதிரி இருக்கும்.

இரண்டாவது வாரம் அக்காவுக்குப் பின்னறையில் வேலையில்லாமல் போயிற்று. வாடிக்கையாளர் வந்தால் முன்னறைக்குப் போவாள். திரும்பி வரும்போது அவர்கள் இருவரும் அவளில்லாமலே எங்கேயோ போயிருப்பார்கள். விரல் தடுக்கும், சுவரில் படம் வரைவார்கள், மறுபடி முயல்வார்கள், அவளைக் கூப்பிட மாட்டார்கள். முன்னறைச் சுவரெல்லாம் கண்ணாடி. உட்கார்ந்த இடத்திலிருந்தே பத்துக் கண்ணாடிகளில் நாற்பது கைகள் பேசுவது அவளுக்குத் தெரியும். பெருமைப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அளவு நாடாவைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

அந்த வியாழக்கிழமைதான் பாவம் என்ற சொல் வந்தது. அதற்கு அம்மா வைத்திருந்த சைகை காதைத் திருகுவது. அது சேட்டைக்குத்தான் பொருந்தும். நாற்பத்து மூன்று வயசு ஆள் காதைத் திருகிக்கொண்டு எதைச் சொல்ல? தம்பி யோசித்தான். பிறகு ஒரு உதிரிக் கண்ணாடித் துண்டை எடுத்துப் பலகையில் வைத்து, அதன்மேல் கட்டரால் ஒரு கோடு இழுத்தான். துடைத்துவிட்டு விளக்குக்கு நேராக நீட்டினான். ஒன்றும் இல்லாதது போலிருந்தது. திருப்பிப் பிடித்து, அடியில் லேசாக ஒரு தட்டுத் தட்டினான். இரண்டாகப் பிரிந்து கையில் வந்தது.

"கோடு போட்டது கண்ணுக்குத் தெரியாது" என்றான். "ஆனா என்னைக்கா இருந்தாலும் அந்த வழியாத்தான் உடையும்." பிறகு நகத்தால் தன் உள்ளங்கையில் குறுக்கே ஒரு கோடு கிழித்துக் காட்டினான். அதுதான் பாவம்.

சாமியார் அதைத் திரும்பச் செய்து பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையை மற்றக் கையால் துடைத்து, மன்னிப்பு இதுதானே என்பது போலக் கேட்டார்.

தம்பி தலையசைத்து மறுத்தான். "துடைச்சாப் போகாது. உருக்கணும். உருக்கித் திரும்ப ஊத்தினா, கோடு எங்க இருந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது." சின்ன வயசில் அப்பாவோடு போய்க் கண்ணாடி உலையைப் பார்த்திருந்தான் அவன். பத்து விரலும் தளர்ந்து கீழே ஒழுகின. ஒழுகி, ஒரு புது உள்ளங்கையாக விரிந்து நின்றன.

இதை மட்டும் அக்கா எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடித்ததும் சாமியார் தன் கைகளைப் பார்த்தார். ஒழுகும் அந்தச் சைகையை மடிமீது மெல்லச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனையோ வருஷம் படிச்சேன் அக்கா" என்றார் கடைசியில். "யாரும் எனக்கு இப்படிச் சொல்லித் தரலை."

அக்கா பலகைமேல் கிடந்த இரண்டு துண்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குள்ளும் ஒரு கோடு இருந்தது. பதினோரு வருஷத்துப் பழைய கோடு.

அப்போது எதிர்வரிசையில் திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. அதில் தையல்காரியாக இருந்தவளுக்கு முப்பது வயது. காது நன்றாகக் கேட்கும். கண்ணாடிக் கடைக்கு ஏதாவது சாக்கு வைத்து வருவாள். வந்தால் பின்னறை வாசலில் நின்று தம்பி வேலை செய்வதைப் பார்ப்பாள். நாலைந்து சைகைகூடக் கற்றுக்கொண்டிருந்தாள். ஒருநாள் தம்பி வெளியே போயிருந்த நேரம் வந்து, மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தன் மனசிலிருந்ததை அக்காவிடம் சொன்னாள். "அவர்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க அக்கா. எனக்கு அவ்வளவு சைகை தெரியாது. தப்பாச் சொல்லிட்டா அசிங்கமாயிடும்" என்றாள்.

அக்கா கேட்கவில்லை. இரண்டு நாள் தூங்கவில்லை, ஆனால் கேட்கவில்லை. மூன்றாம் நாள் தையல்காரியைக் கூப்பிட்டு, "அவனுக்கு இஷ்டமில்லைங்கறான்" என்றாள். அதே வாரம் தம்பியிடம், "அந்தப் பொண்ணுக்கு வேற இடத்துல நிச்சயமாயிடுச்சாம்" என்றாள். தையல்காரி சில மாதத்தில் வேலையை விட்டு ஊரைவிட்டே போய்விட்டாள். அவனை ஏமாற்றிவிடுவாள் என்று பயந்தேன், அவனைப் பார்த்துக்கொள்வேன் என்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு, என்றெல்லாம் அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். அவன் போய்விட்டால் தான் யாருக்கு வாயாக இருப்பது என்ற பயம் அது. அவளுக்கும் அது தெரியும். எந்தச் சாமியாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாம் ஞாயிறு ரோஜா நிற மெழுகுவர்த்தி எரிந்தது. சாமியார் அன்று திருப்பலிக்குப் பிறகு தம்பியிடம் நேராகவே பேசினார். "வர்ற ஞாயிறு மன்றாட்டு நீங்க சொல்லுங்க. கையால. அக்கா குரல் குடுக்கட்டும்." கைகள் கொஞ்சம் திக்கின. ஆனால் சொல் போய்ச் சேர்ந்தது. தம்பி ஒத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்து இருவரும் உட்கார்ந்து, நோயாளிகளுக்கு, ஆட்சியாளர்களுக்கு, மழைக்கு என்று வழக்கமான நாலு மன்றாட்டைத் தயார் செய்தார்கள். அக்கா ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தன நேரம். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. நடுப்பாதையில் இருபது, இருபத்தைந்து பேர் வரிசையில் நின்றார்கள். தம்பியின் முறை வந்தபோது சாமியார் பாவசங்கீர்த்தனப் பெட்டியைவிட்டு வெளியே வந்தார். பெட்டிக்குள் இருட்டு, இடையில் வலைக்கம்பி. கைக்கு வெளிச்சம் வேண்டுமே. பீடத்துக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் இரண்டு நாற்காலி எதிரெதிராகப் போட்டிருந்தது. ஊதாத் தோள்துண்டை ஒதுக்கிக்கொண்டு ஒன்றில் சாமியார் உட்கார்ந்தார். மற்றதில் தம்பி.

அக்கா வரிசையில் எட்டாவதாக நின்றாள். அவனுக்குப் பிறகு வேண்டுமென்றே தள்ளி நின்றிருந்தாள்.

தம்பி கொஞ்ச நேரம் கைகளைத் தொடைமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு வலக்கை எழுந்தது. நகம் உள்ளங்கையில் ஒரு கோடு கிழித்தது. கைகள் வேகம் எடுத்தன. அவனை இத்தனை வருஷம் பார்த்தும், இவ்வளவு வேகமாக அவன் பேசி அவள் பார்த்ததில்லை. அணைக்குப் பின்னால் நின்ற தண்ணீர் மாதிரி வந்தது. சாமியார் நடுவில் கையைத் தூக்கி நிறுத்தி, மெதுவாக என்றார். தம்பி தலையாட்டி மறுபடி தொடங்கினான். இரண்டு விரல் உதட்டுக்குப் போய் வந்தது.

அது அவள் பெயர்.

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. அந்தக் கோயிலில் நிற்கிற இத்தனை பேரில் அவன் சொல்வதைக் கேட்கக் காது உள்ளவள் தான் ஒருத்திதான். இன்னொருவருடைய பாவசங்கீர்த்தனத்தை ஒட்டுக்கேட்டுக்கொண்டு நிற்கிறாள். கண்ணை மூடினாள். மூடினால் போதாது என்று தோன்றியது. உடம்போடு திரும்பி, பீடத்துக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து நின்றாள்.

பின்னால் நின்ற ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் இப்போது நேருக்கு நேர் ஆகிவிட்டார்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"இல்லண்ணே. என் தம்பி பேசிட்டிருக்கான். எனக்குக் கேக்குது."

டிரைவர் அவள் தோளுக்கு மேலாக முன்னே ஒரு தரம் பார்த்தார். அவருக்கு ஒரு சைகைகூடத் தெரியாது. ஆனாலும் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அவரும் வாசலைப் பார்த்துத் திரும்பினார். அவருக்குப் பின்னால் நின்ற பாட்டு டீச்சர் என்ன ஏது என்று கேட்டு, அவளும் திரும்பினாள். முன்னால் நின்றவர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்து, விஷயம் புரிந்து, திரும்பினார். கேட்காமலேயே திரும்பியவர்களும் உண்டு. பீடத்தில் துணி மாற்றிக்கொண்டிருந்த கோயில்பிள்ளை துணியைக் கையில் பிடித்தபடியே சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இரண்டு நிமிஷத்தில் கோயிலில் இருந்த அத்தனை பேரும் பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

கை கையில் படுகிற ஓசை மட்டும் கேட்டது. விரல் துணியில் உரசும் ஓசை. மூச்சு இழுக்கும் ஓசை. அந்த மூச்சை அக்காவுக்குத் தெரியும், கடினமான ஒன்றைச் சொல்லும்போது அவன் இழுப்பது. பிறகு ஒரு குரல். அவனுக்கே கேட்காத, அவன் அடக்கத் தெரியாத குரல். அழுதான். கோயில் உயரமான கட்டடம். மேலே போய்த் திரும்பி வந்தது அந்தச் சத்தம். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாமியார் குரல் எழுந்தது. பாவ மன்னிப்பின் வார்த்தைகளை வாயாலும் கையாலும் சேர்த்தே சொன்னார். கையோடு போக வேண்டியிருந்ததால் மிக மெதுவாகச் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு இடைவெளி. சிறுவயதிலிருந்து நூறு தடவை கேட்டுக் காது புளித்துப்போன வார்த்தைகள். அந்த இடைவெளிகளில் அக்கா அவற்றை முதல்தடவையாகக் கேட்டாள். ஓரிடத்தில் இடைவெளி நீண்டது. பத்து விரலும் இப்போது ஒழுகிக்கொண்டிருக்கும் என்று பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது.

பிறகு தம்பி எழுந்து நடுப்பாதை வழியாக வாசலுக்கு வந்தான். எல்லோரும் தன்னை நோக்கி இல்லாமல், தான் போகும் திசையைப் பார்த்து நிற்பதைக் கண்டு ஒரு கணம் குழம்பினான். அக்காவைப் பார்த்தான். அவன் முகத்தை என்னவென்று சொல்வது? மழை விட்டதும் ஜன்னல் கண்ணாடி இருக்குமே, அப்படி இருந்தது. அவளைத் தாண்டி நடந்து வெளியே போனான். பின்னாலிருந்து அவன் தோள்கள் யாரோ ஒருவருடையவை போலிருந்தன. இந்த மனிதனை இவ்வளவு நாள் தன் கைக்குள் அடங்கியவன் என்றா நினைத்திருந்தோம் என்று அவளுக்கு அச்சமாக இருந்தது.

அவள் முறை வந்தபோது முட்டிபோட்டு, பதினோரு வருஷத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். சாமியார் குறுக்கே பேசவில்லை. தம்பி தன்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பான் என்று அவர் குரலில் தேடினாள். ஒரு துளிகூடக் கிடைக்கவில்லை. கிணற்றில் போட்ட கல்.

"கடவுள் கேட்டுட்டார் அக்கா" என்றார் அவர். "கேக்க வேண்டியவர் இன்னும் ஒருத்தர் பாக்கி."

மறுநாள் காலை கடை திறந்ததும் அக்கா பின்னறைக்குப் போனாள். அவன் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். தோளைத் தொட்டுத் திருப்பி, நின்றபடியே சொன்னாள். தையல்காரி வந்தது, கேட்கச் சொன்னது, தான் கேட்காதது, இரண்டு பக்கமும் பொய் சொன்னது.

"திரும்பச் சொல்லு" என்றான்.

சொன்னாள்.

"அவளுக்கு நிச்சயமாகலையா?"

"ஆகல. நான் சொன்ன பொய்."

"எனக்கு இஷ்டமில்லைன்னு நான் சொன்னதா அவகிட்டச் சொன்னியா?"

"ஆமா."

அவள் இன்னும் சொல்ல வந்தாள். மன்னிச்சிடு என்று சொல்லக் கை எடுத்தாள். அவன் கண்களை மூடிக்கொண்டான்.

காது கேட்கிறவர்கள் கோபத்தில் கதவைச் சாத்துவார்கள், காதைப் பொத்துவார்கள், அப்போதும் ஏதாவது உள்ளே போகும். அவன் கண்ணை மூடினால் ஒன்றுமே போகாது. அக்கா தூக்கிய கையோடு அப்படியே நின்றாள். அவன் திறக்கவில்லை. கடைசியில் அவள்தான் கையைக் கீழே போட்டாள்.

அன்று முழுவதும் அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பதினோரு மணிக்கு ஒருவர் படச்சட்டத்துக்குக் கண்ணாடி கேட்டு வந்தார். அக்கா உள்ளே திரும்புவதற்குள் தம்பியே முன்னறைக்கு வந்துவிட்டான். தாளில் கட்டம் போட்டான், விரலால் அளவு காட்டினான், வந்தவரையும் வரையச் சொன்னான். கால் மணி நேரம் பிடித்தது. ஆனால் அளவு துல்லியமாக இருந்தது. அக்கா மேஜையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இவனுக்கு இது எப்போதும் முடிந்திருக்கும் என்பதுதான் அவளைச் சுட்டது.

நான்காம் ஞாயிறு அவன் அவளுக்கு முன்னாலேயே கோயிலுக்குக் கிளம்பிப் போய்விட்டான். வழக்கமான பெஞ்சில் இல்லை. இடப்பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தான். நான்கு மெழுகுவர்த்தியும் எரிந்தன. பிரசங்கம் முடிந்து விசுவாச அறிக்கை முடிந்தது. அவன் வருவானா மாட்டானா என்று அக்கா தாளைக் கசக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து வந்தான். வாசக மேடைக்கு முன்னால் மக்களைப் பார்த்து நின்றான். அக்கா மைக்கிடம் போய், அவன் கைகள் தெரியும்படி சாய்ந்து நின்றாள்.

முதல் மன்றாட்டு தாளில் இருந்தபடியே வந்தது, நோயாளிகளுக்காக. அவள் படித்தாள். கேட்டருளும் என்று மக்கள் சொன்னார்கள். இரண்டாவதற்கு அவன் கை எழுந்தபோது அது தாளில் இல்லை.

அக்கா தாளை மேடைமேல் வைத்துவிட்டாள்.

"தான் சொன்னதைச் சொன்னபடி எடுத்துச் சொல்ல ஆளில்லாதவங்களுக்காக" என்றான். அவள் அதைச் சொன்னாள். குரல் ஒலிபெருக்கியில் தட்டையாகக் கேட்டது. மக்கள் பதில் சொன்னார்கள்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தி என்னைக் கேட்டா. அது எனக்கு நேத்துத்தான் தெரியும்." அவன் சொல்வதை அவள் 'நான்' என்றும் 'என்னை' என்றும்தான் சொல்ல வேண்டும். காலமெல்லாம் அப்படித்தான் சொல்லிவந்தாள். இன்று அந்த 'என்னை'யில் ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தாள். "அவ எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும். அவ வீட்டுல வெளிச்சம் இருக்கணும்."

மக்கள் கேட்டருளும் என்றார்கள், வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரலில்.

அவன் நிறுத்திவிடுவான் என்று நினைத்தாள். அவன் அவள் பக்கம் திரும்பினான். ஒரு நாளுக்குப் பிறகு முதல்தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். இரண்டு விரல் உதட்டுக்குப் போயிற்று.

"என் அக்காவுக்காக. எனக்கு அவமேல கோபம். ரொம்பக் கோபம். அது போகணும்னு நான் இன்னும் கேக்கல. கேக்கறதுக்கு எனக்கு மனசு வரணும். அதுக்காக எல்லாரும் வேண்டிக்கங்க."

அதைச் சுருக்கியிருக்கலாம். 'என் அக்காவுக்காக' என்று நிறுத்தியிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சாமியாருக்குத் தெரியும், அவரும் குறுக்கிட மாட்டார். அக்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் சொன்னாள். கோபம் என்பதை அவன் இரண்டு தடவை சொல்லியிருந்தான்; அவளும் இரண்டு தடவை சொன்னாள். இடையில் குரல் உடைந்தது. நின்று, மூச்சு வாங்கி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கோயில் முழுக்கக் காத்திருந்தது.

பதில் வந்தபோது அது எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. தம்பிக்குக் காது கேட்காது. ஆனால் அவன் நின்றிருந்த தளம் மரப்பலகை. அத்தனை குரலும் பலகை வழியாக ஏறியிருக்க வேண்டும். அவன் தன் காலைக் குனிந்து பார்த்ததை அவள் கண்டாள்.

திங்கட்கிழமை மாலை கடையை மூடும் நேரம் அவன் முன்னறைக்கு வந்து, மேஜைக்கு எதிரே உட்கார்ந்தான்.

"அன்னிக்கு அவ என்ன சொன்னா?"

"உன்னைப் பிடிச்சிருக்குன்னு."

"அது நீ சுருக்கினது. அவ சொன்ன மாதிரியே சொல்லு."

அக்கா யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பதினோரு வருஷம் தினம் ஒருதரமாவது மனசில் ஓடியதுதான். மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றினாள், தையல்காரி அன்று ஊன்றியிருந்தது போலவே. பிறகு கைகளை எடுத்துப் பேச ஆரம்பித்தாள். "அவர் கோடு இழுக்கறப்ப மூச்சைப் பிடிச்சுக்கறார். முடிஞ்சதும் விடறார். அது வரைக்கும் நானும் மூச்சைப் பிடிச்சுட்டு நிக்கறேன், எனக்கே தெரியாம. வீட்டுக்குப் போயும் அதே ஞாபகம். அவருக்குக் காது கேக்காதது எனக்குப் பெருசா தெரியல. நான்தான் அதிகம் பேசுவேன், எங்க அம்மா திட்டுவாங்க, அவருக்கு அந்தத் தொந்தரவு இல்லை. இருக்கறதுக்கு ஒரு அறை போதும். ஜன்னல் மட்டும் பெருசா இருக்கணும். கண்ணாடி அவர் போட்டுருவார், திரை நான் தைச்சுருவேன்."

தம்பியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தான், தொண்டைக்குள் அந்த உருளும் சத்தத்தோடு. பிறகு கண் நிறைந்தது. பதினோரு வருஷம் வழியில் நின்றுபோன ஒரு சொல், அப்போதுதான் கடைக்குள் வந்து, சேர வேண்டிய ஆளைக் கண்டுபிடித்து, அவன் எதிரே உட்கார்ந்தது. அக்கா அதைக் கண்ணால் பார்த்தாள். தான் செய்துவந்த வேலை எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"இன்னொரு தடவை" என்றான்.

மூன்று தடவை சொன்னாள். அவன் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. எழுந்து, கடைக் கதவை இழுத்துவிட அவளுக்கு ஒரு கை கொடுத்தான்.

கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். சாமியார் பீடத்தின் முன் வந்து நின்று, வாயைத் திறப்பதற்கு முன் கைகளைத் திறந்தார். மெதுவாகத்தான் வந்தது. ஓரிரு இடத்தில் தப்பாகவும் வந்தது. தம்பி முன்னால் சாய்ந்து, அக்கா பக்கம் திரும்பாமல், அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பழக்கத்தில் அக்காவின் கைகள் எழுந்தன. எழுந்து, வேலை இல்லை என்று தெரிந்து, மடிக்குத் திரும்பின.

பாடகர் குழு பாடத் தொடங்கியது; சாமியாரின் கைகளும் கூடவே போயின. இத்தனை வருஷமும் பாட்டின் வார்த்தைகளைக் கையில் பிடித்து அவனிடம் கொடுத்துக்கொண்டே இருந்தவள் அவள். பாட்டு டீச்சரின் குரலுக்கு அடியில், நிழல் மாதிரி, இரண்டாவது குரல் ஒன்று தனியாகப் போகிறது என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. அது இறங்கிப் போய், எங்கோ காணாமல் போய், மறுபடி மேலே வந்து முதல் குரலோடு சேர்ந்தது. அக்கா அசையாமல் உட்கார்ந்து கேட்டாள்.